லெமுவல் கைமாற்றிவிட்ட கத்தி

விக்கம் கத்திக் கம்பெனி இரண்டு தடவை தீப்பிடித்து எரிந்தது, ஒரு தடவை ஆற்று வெள்ளத்தில் மூழ்கியது. அதற்கெல்லாம் சாகாதது, 1930-களின் அந்தப் பாழாய்ப்போன வேலைப் பஞ்சத்தில் இழுத்துக்கொண்டு கிடந்தது. பென்சில்வேனியாவின் அந்தச் சின்ன ஊரில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவதே அந்தக் கம்பெனியால்தான். இப்போதோ வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. முதலாளியம்மா அகஸ்டா விக்கம் கடைசி முயற்சியாக, மாடு வளர்ப்பவர்களுக்கென்று மூன்று அலகு வைத்த மடக்குக் கத்தி ஒன்றைச் செய்யச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை மதிய ரயிலில் சிகாகோ வியாபாரி வாஸ் வருகிறார். அவர் ஆர்டர் கொடுத்தால் கம்பெனி பிழைக்கும். இல்லையென்றால் பூட்டுதான்.

வாஸுக்குக் காட்ட வேண்டிய அந்த முதல் கத்தியைக் கையாலேயே செய்தவர் கம்பெனித் தொழிலாளி லெமுவல் ஸ்ட்ரேக். செய்தவனே அதைச் சில நாள் பையில் போட்டுப் புழங்கிப் பார்க்க வேண்டும் என்பது கம்பெனி வழக்கம். அதனால் அது அவருடைய வலது பையில் இருந்தது. இடது பையில் எப்போதும் ஒரு ஓட்டைக் கத்தி கிடக்கும். அது கைமாற்றுக்கு. அந்த ஊர் ஆம்பளைகளுக்கு அது ஒரு பைத்தியம்: இரண்டு பேரும் கத்தியை மூடிய கைக்குள் வைத்துக்கொண்டு, பார்க்காமலேயே மாற்றிக்கொள்வார்கள். மாற்றினால் மாற்றியதுதான். திருப்பிக் கேட்டவன் ஊரில் தலை காட்ட முடியாது.

விருந்தாளி வருகிறாரே என்று சனிக்கிழமை காலை மனுஷன் நல்ல கால்சட்டையை மாட்டிக்கொண்டு, பழைய கால்சட்டையின் பைகளில் இருந்ததை எது எந்தப் பை என்று பார்க்காமல் அவசரத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு முடிவெட்டும் கடைக்குப் போனார். அங்கே மாட்டுப்பண்ணைக்காரன் ஓரின் ஹாடக் கையை மூடிக்கொண்டு நின்றான்.

"என்ன லெமு, மாத்துவமா? இல்ல, பயமா?"

"உன்னப் பாத்தா? நீட்டுய்யா கைய!"

கிடைத்தது துருப்பிடித்த சனியன். கடையே சிரித்தது, தான் இடது பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது அதைவிட மோசம் என்று நினைத்து லெமுவலும் சேர்ந்து சிரித்தார். கம்பெனி வாசலில் வலது பைக்குள் கையை விட்டார். உள்ளே இருந்தது அந்த ஓட்டைக் கத்தி.

ஓடினார். ஓரின் தொழுவத்தில் பசுவின் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தான், அதே கத்தியால்.

"ஓரின், இன்னொரு தடவ மாத்துவமா?"

"போய்யா! என்னமா இறங்குது தெரியுமா? செத்தாலும் தரமாட்டேன்."

"அது சிகாகோக்காரருக்குக் காட்ட வேண்டிய கத்திய்யா. எனக்குத் திருப்பிக் குடு."

"திருப்பிக் கேக்குறியா? நீயா? வெக்கமா இல்ல?"

"வெக்கம் கிடக்குது! இன்னைக்கு அது இல்லேன்னா கம்பெனிய இழுத்து மூடிருவாங்க."

ஓரின் கத்தியைத் தொடையில் துடைத்து மடக்கினான். "மாத்துனது மாத்துனதுதான். குடுக்க மாட்டேன். ஆனா நானே வந்து காட்டுறேன். வண்டியில ஏறு."

சாணி பூசிய பூட்ஸோடு அவன் ஆபீசுக்குள் நுழைந்ததும் அகஸ்டா லெமுவலைப் பார்த்தாளே ஒரு பார்வை! ரயிலிறங்கி வந்திருந்த வாஸ் எதையும் கவனிக்கவில்லை. ஓரின் நீட்டிய கத்தியை வாங்கி ஒவ்வொரு அலகாகத் திறந்தார், மூடினார், 'டக்' என்ற சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு அடுத்த ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டே கத்தியைத் தன் கோட்டுப் பைக்குள் போட்டார்.

ஓரின் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தான். "யோவ்! அது என் கத்தி!"

லெமுவலுக்கு உயிரே போய்விட்டது. தொலைந்தது ஆர்டர், தொலைந்தது எல்லாம்.

வாஸ் தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு சத்தம் போட்டுச் சிரித்தார். "அவரும் விடமாட்டேங்கிறார், என் கையும் விடமாட்டேங்குது. இத வித்துரலாம்மா. ஆர்டர் எழுதிக்குங்க."

அகஸ்டா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "லெமு, வீடு வீடாப் போயிச் சொல்லுங்க. திங்கக்கிழமையிலேருந்து எல்லாருக்கும் வாரம் பூரா வேலை."

முதல் வீடு சாணை பிடிக்கும் மொஃபிட்டுடையது. அவன் மனைவி வினிஃப்ரெட் கதவைத் திறந்தாள். வியர்த்து விறுவிறுத்து நின்ற லெமுவலைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போனது.

"மூடிட்டாங்களா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். "வேலை இருக்கும்மா," என்றார் ஒருவழியாக. "வாரம் பூரா."

அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். உள்ளேயிருந்து மொஃபிட் பதறிக்கொண்டு ஓடி வந்தான்.

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இது வேற அழுக."