மைக்கை அணைக்காதே

தலையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்கக் கூடாதென்று குளித்து வரச்சொல்லி, வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்ற வைத்து, பருத்தி அங்கியை மாட்டிவிட்டுத்தான் விளையாட்டு டீச்சரை அந்தக் கண்ணாடிக் குழாய்க்குள் படுக்க வைத்தார்கள். உள்ளே அழுத்தத்தோடு ஆக்சிஜன் ஏற ஏறக் காது அடைத்துக்கொண்டது. இத்தனை வருஷமாகப் பிள்ளைகளை 'மூச்சை நல்லா இழு' என்று விரட்டியவளுக்கு இப்போது மூச்சு இழுப்பதே வைத்தியமாகிவிட்டது. சர்க்கரை அவள் பாதத்தின் உணர்ச்சியைத் தின்றுவிட்டிருந்தது. ஷூவுக்குள் கிடந்த கூழாங்கல்லோடு ஒரு பகல் முழுக்க மைதானத்தைச் சுற்றியிருக்கிறாள். சாயங்காலம் சாக்ஸில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. அவளை இந்த ஆக்சிஜன் வைத்தியம் வரை கொண்டுவந்த அந்தப் புண் மாதக்கணக்கில் ஆறாமல் அடம்பிடித்தது. அடம்பிடிப்பதில் அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"காது விட்டுச்சா டீச்சர்?" கருவியை இயக்கும் பெண் வெளியிலிருந்து, இரண்டு பக்கமும் பேச்சைக் கடத்தும் மைக்கில் கேட்டாள். டீச்சர் எச்சிலை விழுங்கிவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் மைக்கை அணைக்க மறந்து மீட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போதுதான், அறையில் அவளுக்குத் துணையாக வந்திருந்த மகனின் குரல் மைக் வழியே உள்ளே கேட்டது. போனில் தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆறுற மாதிரி தெரியலக்கா. சீழ் மேல ஏறிடுச்சுன்னா உசுருக்கே ஆபத்து. கணுக்காலுக்கு மேல எடுத்துடலாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன். அம்மாகிட்ட அப்புறமா பக்குவமா சொல்லிக்கலாம்."

டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெட்டுவதைவிட அந்தப் 'பக்குவமா'தான் சுருக்கென்றது. பயத்தில்தான் பேசுகிறான் என்று தெரியாமல் இல்லை. தெரிந்தும் கோபம் தணியவில்லை.

"டேய்."

மைதானத்தின் அடுத்த கோடி வரை கேட்கும் குரல் அது; ஸ்பீக்கர் வழியே அறையே அதிர்ந்தது. மகன் போனைக் காதிலிருந்து எடுத்தான். அந்தப் பெண் பதறிப்போய் மைக்கை அணைக்கக் கையை நீட்டினாள்.

"அணைக்காதேம்மா. அவன் கேக்கட்டும்," என்றாள் டீச்சர். "காலு என்னுதுடா. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி என்கிட்ட வரணும்."

"உனக்காகத்தாம்மா..."

"எனக்காகன்னா என்கிட்ட பேசு. இந்த வைத்தியம் முடியட்டும், பாக்கலாம்னு டாக்டர் என் முகத்தைப் பாத்துதான் சொன்னார். அப்பவும் ஆறலேன்னா, வெட்டுங்கன்னு நானே சொல்றேன். என் வாயால."

"வெளிய வந்துடறீங்களா டீச்சர்?" அந்தப் பெண் கேட்டாள். "காத்தை மெதுவாத்தான் இறக்கணும்."

"எதுக்கு? என் நேரம் இன்னும் முடியல."

மகன் கண்ணாடி ஓரமாக வந்து நின்றான். "எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான். பயந்துக்கிட்டே இரு. முடிவை மட்டும் நீ எடுக்காதே." கொஞ்ச நேரம் மூச்சை இழுத்து விட்டாள். "கால்மாட்டுக்குப் போ. பெருவிரலை அசைக்கிறேன். அசையுதான்னு பாத்துச் சொல்லு. எனக்குத் தெரியாது."

கட்டுக்கு வெளியே அந்த விரலின் நுனி மட்டும்தான் தெரிந்தது. அவன் குனிந்தான். மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. சட்டை நுனியால் துடைத்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மறுபடியும் முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தான்.