கெட்டிமேளத்துக்கு ஒரு கேபிள்

சூர்யகலா கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினாள். நாதஸ்வரம் வரவில்லை. அடுத்த கட்டை. அதுவும் ஊமை.

முகூர்த்தம் முடியப் பதினோரு நிமிடம் இருந்தது.

சின்னாளபட்டி தறிக்காரர் ரங்கசாமியின் மகளுக்குக் கல்யாணம். பெரிய முகூர்த்த நாள் என்பதால் திண்டுக்கல் வட்டாரத்தில் மேளக்காரர் ஒருவரும் சிக்கவில்லை. பொறுப்பு சூர்யகலா தலையில் விழுந்தது. அவளுடைய கீபோர்டுக்குச் சொந்தக் குரல் கிடையாது. எந்தக் கட்டை அழுந்தியது என்ற சேதியை மட்டும் கேபிள் வழியாக லேப்டாப்புக்கு அனுப்பும். லேப்டாப் நாதஸ்வரத்தைத் தானே ஊதிக்கொண்டு, தவிலைப் பக்கத்திலிருக்கும் சிந்தசைசர் என்ற ஒலிப்பெட்டியிடம் தள்ளிவிடும். காலை ஆறு மணிக்குச் சோதித்தபோது மண்டபமே அதிர்ந்தது. இப்போது சேதி கிளம்பவே இல்லை.

"என்ன ஆத்தா, பொட்டிக்குள்ள மேளக்காரன் தூங்கிட்டானா?" முதல் வரிசையிலிருந்து கேட்டவர் சுருளிவேல், பெண்ணுக்குச் சித்தப்பா. "அய்யலூர்ச் சந்தையில ரெண்டு ஆட்டைப் புடிச்சாந்து கட்டியிருந்தாக்கூட இந்நேரம் கத்தியிருக்கும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரங்கசாமி சிரிக்கவில்லை. "தாயி, தாலி கட்டுறப்ப மண்டபம் ஊமையா இருந்துச்சுன்னா சம்பந்தி வீட்ல ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாங்க. எவனாவது தும்முனாக்கூடக் கேட்டுருமே" என்றார்.

சூர்யகலா கீபோர்டுக்குப் பின்னால் குனிந்தாள். வட்ட சாக்கெட்டில் கேபிள் பாதி துருத்திக்கொண்டு நின்றது. பிடுங்கினாள். ஐந்து துளையிலும் சந்தனம், காய்ந்து கல்லாகி. நடுவில் அழகாகக் குங்குமம்.

"யாரு வச்சது?"

"நாந்தாம்மா" என்றாள் கனகா, பெண்ணின் அம்மா. "நீ டிபன் சாப்புடப் போனப்ப வயரு கழண்டு கெடந்துச்சு. வட்டமா இருக்கவும், பொட்டு வைக்கத்தான் எடம் விட்டிருக்காங்கன்னு நெனச்சேன். வச்சுட்டு வயரையும் நல்லா அமுக்கிவிட்டேன்."

சூர்யகலா ஹேர்பின்னால் சந்தனத்தைக் குத்தினாள். பின் வளைந்தது. பக்கத்தில் சதுரமாய் இன்னொரு சாக்கெட் இருந்தது. அதற்குரிய கேபிள் அவளிடம் இல்லை. பிரிண்டருக்குப் போடுகிற அதே ரகம்.

பிரிண்டர்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். மண்டப மூலையில் போட்டோக்காரர் இஷாக், எடுத்த படங்களை அங்கேயே அச்சடித்துக்கொண்டிருந்தார்.

"இஷாக் அண்ணே, அந்த வயரைக் குடுங்க."

"செத்த நேரம் பொறு தங்கச்சி. சுருளிவேல் அய்யா மாப்பிள்ளையோட நின்ன படம் போயிட்டிருக்கு. பாதியில நிறுத்துனா மண்டையப் பொளந்துருவாரு."

"போட்டோவ எத்தனை தடவ வேணாலும் போடலாம்ணே. தாலி ஒரு தடவதான்."

உருவிக்கொண்டு வந்துவிட்டாள்.

செருகும்போதே மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்துவிட்டான். லேப்டாப் திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஐயர் விரலை உயர்த்தினார்.

"கெட்டிமேளம், கெட்டிமேளம்."

மண்டபம் மூச்சைப் பிடித்தது. அந்த அமைதிக்காகவே காத்திருந்தவர்போல் சுருளிவேல் எழுந்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேன், இந்தக் கல்யாணம்..."

வட்டம் மறைந்தது. சூர்யகலா பத்து விரலையும் இறக்கினாள்.

நாதஸ்வரமும் தவிலும் ஸ்பீக்கரைக் கிழித்துக்கொண்டு வந்தன. சுருளிவேலின் வாய் அசைந்துகொண்டேயிருந்தது. ஒரு சொல்கூட யார் காதிலும் ஏறவில்லை. பின்வரிசையிலிருந்து பறந்த அட்சதையில் ஒரு பிடி அந்த வாய்க்குள்ளேயே போனது. மூன்று முடிச்சும் விழுந்த பிறகுதான் அவள் கையை எடுத்தாள். ரங்கசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பந்தி நேரத்தில் இஷாக் அந்தப் படத்தோடு சுருளிவேலிடம் தயங்கித் தயங்கி வந்தார். மேலிருந்து இறங்கிய அச்சு, சுருளிவேலின் மீசையோடு நின்றுபோயிருந்தது. அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

"வேற போட்டுத் தாரேன் அய்யா."

கனகா குறுக்கே வந்து வாங்கிப் பார்த்தாள்.

"வேற எதுக்குண்ணே? எங்க கொழுந்தனாரு இம்புட்டு அமைதியா நின்னு நான் பார்த்ததே இல்ல. இதையே பிரேம் போட்டுருங்க."