டயரில் எழுதியிருந்த ஐம்பத்தொன்று

ஒரே மாதத்தில் இரண்டு கேக் விரிசல் விட்டுவிட்டன. பன்னிரண்டு வருஷமாக வீட்டிலேயே கேக் செய்து கொடுப்பவளுக்கு இதைவிடத் தலைக்குனிவு என்ன வேண்டும்? கிளம்பும்போது வழவழவென்று இருந்த கிரீம், காரில் போய் இறக்கும்போது காய்ந்த குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. அவள் மாவை மாற்றிப் பார்த்தாள். வெண்ணெயைக் கூட்டினாள். மாவுக் கடைக்காரரைப் போனில் பிடித்துக் காய்ச்சி எடுத்தாள். அந்த மனுஷனும் எதற்கென்றே தெரியாமல் மன்னிப்புக் கேட்டுவைத்தார்.

இதே மாதம் அவள் கணவர் பேரானந்தத்தில் இருந்தார். அவருக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. ஒருநாள் காலையில் காரின் ஒரு டயர் சப்பையாகிக் கிடக்க, அன்றிலிருந்து காற்றடிக்கும் கருவி வாங்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. இரண்டு வாரம் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சே கிடையாது.

"பேட்டரி வச்சது கைக்கு அடக்கமா இருக்கும்மா. ஆனா தேவைப்படுற அன்னிக்குப் பாத்து சார்ஜ் இருக்காது. கார்லயே செருகுறதுதான் நம்பிக்கை."

"வாங்குங்களேன், யார் வேண்டாம்னா?"

"ஒயர் பின்சக்கரம் வரைக்கும் எட்டணுமே!"

அவள் கேக் அளக்கிற நாடாவை எடுத்துப் போய்க் காரின் நீளத்தை இரண்டு தடவை அளந்தார். கடைசியில் ஒன்று வந்து சேர்ந்தது. வேண்டிய எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினால் தானே அடித்து, தானே நின்றுவிடும். வந்த அன்றே நாலு டயருக்கும் அடித்தார். பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு வேடிக்கையும் காட்டினார். கேக் விரிசலும் கருவியும் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் வினையாக நுழைந்தன என்று யாருக்கும் உறைக்கவில்லை.

மூன்றாவது ஆர்டர் ஒரு கல்யாணத்துக்கு. மூன்றடுக்கு. நாலு மணிக்கு மண்டபத்தில் இருக்க வேண்டும். பயத்தில் அவள் நாத்தனாரைத் துணைக்குக் கூப்பிட்டாள். நாத்தனாருக்குப் பேருந்து ஓட்டுகிற வேலை, அன்றைக்கு விடுமுறை. பின்சீட்டை மடக்கி, வழுக்காத விரிப்புப் போட்டு, கேக் பெட்டியை வைத்தார்கள். மிச்சமிருந்த இடத்தில் அவள் முடங்கி உட்கார்ந்து, பெட்டியைப் பிள்ளை மாதிரி அணைத்துக்கொண்டாள். கணவர் ஓட்ட, நாத்தனார் முன்னால் ஏறிக்கொண்டாள்.

பத்து நிமிஷம் ஓடியிருக்கும். ஒரு சின்ன வேகத்தடை. கார் தாவிக் குதித்தது. பின்னாலிருந்து "ஐயோ!" என்று அலறல்.

"அண்ணா, ஓரமா நிறுத்து," என்றாள் நாத்தனார். "இது காரா, பந்தா?"

"ரோடு சரியில்ல."

"ரோட்டைச் சொல்லாதே. இதே ரோட்டுல அறுபது பேரை ஏத்திக்கிட்டு தினமும் போறேன். நிறுத்து."

இறங்கியவள் முன்டயரை எட்டி ஒரு உதை விட்டாள். கல்லை உதைத்த மாதிரி இருந்தது. "எவ்வளவு காத்து அடிச்சே?"

"ஐம்பத்தொண்ணு," என்றார் அவர் பெருமையாக. "டயர்லயே எழுதியிருக்கே. பாரு."

எழுதித்தான் இருந்தது. நாத்தனார் குனிந்து, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்ததை விரலால் காட்டினாள். "இதைப் படிச்சியா? அதிகபட்சம்னு போட்டிருக்கு. அதுக்கு மேல இந்த டயர் தாங்காதுன்னு அர்த்தம். அவ்வளவு அடின்னு அர்த்தமில்ல." பிறகு ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். கதவு மூடும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர். முன்னால் முப்பத்துமூன்று, பின்னால் முப்பத்துமூன்று. "உன் காருக்கு எவ்வளவுன்னு காரைச் செஞ்சவன் இங்க எழுதி வச்சிருக்கான்."

ஊரெல்லாரையும் உட்கார வைத்துப் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்கிற மனுஷர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஸ்டிக்கரைப் பார்த்தார். முகம் போன போக்கு சொல்லி மாளாது.

பின்னாலிருந்து அவள் தலையை நீட்டினாள். "அப்போ என் கேக்கை உடைச்சது நீங்கதானா?"

"நான் நல்லதுக்குத்தாம்மா..."

"பாவம், மாவுக் கடைக்காரர்! அவரை என்னவெல்லாம் திட்டினேன்!" கோபமாகத்தான் ஆரம்பித்தாள், முடிப்பதற்குள் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கிப் போனது. தன் கையில் கோளாறு இல்லை!

"சிரிச்சது போதும் அண்ணி, மணி மூணேகால்," என்றாள் நாத்தனார். "இப்ப வண்டி ஓடி வந்திருக்கு. டயர் சூடு. சூட்டுல எண்ணு கூடத்தான் காட்டும். அதனால முப்பத்தாறுல நிறுத்துவோம். நாளைக்கு, வண்டியை எடுக்கறதுக்கு முன்னால, சரியா வச்சுக்கலாம்."

வால்வின் நடு ஊசியை அழுத்த, புஸ்ஸென்று காற்று இறங்கியது. தன் பையிலிருந்த காற்றழுத்தமானியை வைத்து அளந்து மூன்று டயரை நாத்தனார் பார்த்துக்கொண்டாள். நாலாவதை, பின்பக்க இடது டயரை, கணவர் கேட்டு வாங்கிக்கொண்டார். பரிகாரம் செய்கிற மும்முரத்தில் அழுத்திய விரலை எடுக்கவேயில்லை. மானியை வைத்துப் பார்த்தால் இருபத்துநாலு.

"அண்ணா!"

"இருக்கட்டும், இருக்கட்டும். இதுக்குத்தானே இது இருக்கு." சீட்டுக்கு அடியிலிருந்து கருவியை எடுத்து முன்னால் செருகி, ஒயரை ஜன்னல் வழியாக இழுத்துக்கொண்டு ஓடினார். பின்சக்கரத்தை எட்டி, ஒரு சாண் மிச்சமும் இருந்தது. முப்பத்தாறில் தானாக நின்றது. அவர் நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்த பார்வை இருக்கிறதே! "ஒயர் நீளத்துல நான் கோட்டை விடலை, பாத்தீங்களா?"

அதற்கப்புறம் வந்த வேகத்தடைகளில் கார் மெத்தையில் நடப்பது போல ஏறி இறங்கியது. மூன்றே முக்காலுக்கு மண்டபத்தில் பெட்டியைத் திறந்தார்கள். மூன்றடுக்கும் வார்த்து வைத்தது போல நின்றன. மேலே ஒரு கிரீம் ரோஜா மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. விரல்நுனியால் தட்டி நிமிர்த்திவிட்டாள். கல்யாணப் பெண்ணின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இதை வெட்டவே மனசு வராதும்மா," என்றாள்.

மறுநாள் காலை, கார் வாசலில் குளிர்ந்து நின்றது. கணவர் கருவியோடு வெளியே வரும்போது அவள் முந்திக்கொண்டு கையை நீட்டினாள். "இன்னிக்கு நான்."

முப்பத்துநாலு, முப்பத்துமூன்று, முப்பத்துமூன்று. கடைசி ஒன்று மட்டும் முப்பத்தொன்று. எண்ணை வைத்துப் பொத்தானை அழுத்தினாள். கருவி தடதடத்தது. அது தானே நிற்கும் வரை, அவள் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, அடுத்த கேக்கை எத்தனை அடுக்காகச் செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.