புளியமரத்தடி ஒன்பதாவது

அப்பாவைக் குளிப்பாட்ட வாசலில் பலகை போட்டு, செந்தாமரை முதல் குடத்தைத் தூக்கியபோதுதான் மலைப்பாதையில் ஜீப் உறுமியது. மேளம் நின்றது. எல்லோரும் பலகையில் கிடந்த வேடியப்பனைப் பார்த்தார்கள். ஜீப் சத்தம் கேட்டால் ஏரைப் போட்டுவிட்டு எதிர்கொண்டு ஓடுகிற மனுஷன் ஆயிற்றே! இப்போதும் எழுந்து, வேட்டியை இறுக்கிக்கொண்டு ஓடிவிடுவாரோ என்று செந்தாமரைக்கே ஒரு நொடி தோன்றியது. அவர் அசையவில்லை. அப்பா நிஜமாகவே செத்துப்போய்விட்டார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடத்தை வைத்துவிட்டு ஓவென்று அழுதாள்.

ஊரில் இருப்பது எட்டாவது வரைக்கும் உள்ள பெண்கள் பள்ளிக்கூடம். அதைப் பத்தாவது வரை உயர்த்தச் சொல்லி, செந்தாமரை எட்டாவது முடித்த வருஷம் வேடியப்பன் மனு கொடுத்தார். புளியமரத்தடி நிலத்தையும் எழுதிக் கொடுத்தார். ஒன்பதாவது வரும், வரும் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் செந்தாமரைக்குக் கல்யாணம் வந்தது, குழந்தை வந்தது, ஒன்பதாவது மட்டும் வரவில்லை. இப்போது மகள் ஜெயம்மா எட்டாவது படிக்கிறாள். "மேல படிக்க எடமில்லன்னா வூட்ல வெச்சிக்கினு இன்னா பண்றது?" என்று மாமியார் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

ஆபீசர்கள் வராமல் இல்லை. வந்தார்கள். கோழிக் குழம்பும் சாமைச் சோறும் சாப்பிட்டார்கள். நிலத்தை அளந்து ரிப்போர்ட் எழுத வேண்டிய நேரம் பார்த்து ஒருவருக்கு மழை வந்தது, ஒருவருக்குப் பேதி வந்தது. இப்போதைய ஆபீசர் பாண்டுரங்கனிடம் எப்போதும் அளக்கிற டேப் இருக்காது. "அடுத்த தபா வர்றேன், பெரியவரே" என்று ஏப்பத்தோடு ஜீப் ஏறுவார்.

அந்தப் பாண்டுரங்கன்தான் இன்றும் வந்து இறங்கினார். சாவு என்று தெரியாது, பாவம். கோழிக் குழம்பை எதிர்பார்த்த மூக்கில் ஊதுபத்தி ஏறியதும் முகம் மாறிவிட்டது. செந்தாமரையின் அம்மா அம்மாக்கண்ணு அவர் காலடியிலேயே உட்கார்ந்து ஒப்பாரியை எடுத்தாள்.

"மனு குடுத்துத் தேஞ்ச கையி,
மல எறங்கித் தேஞ்ச காலு,
ஜீப்பு வருதுன்னா சோத்த வுட்டு ஓடுவியே,
ஆபீசரு வந்துட்டாரு, வாயத் தொறந்து கேளு ராசா!"

பாண்டுரங்கன் கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "ரொம்ப வருத்தமா இருக்குதும்மா. நல்ல மனுஷன். இந்த நேரத்துல அளக்கறது நல்லா இருக்காது. நான் அடுத்த தபா வர்—"

"ஐயோ!" அம்மாக்கண்ணு போட்ட கூச்சலில் கோழிகள் சிதறின. "சாவு வூட்ல அந்த வார்த்த சொல்லாதீங்க சாமி! அடுத்த சாவுக்கா வரப்போறீங்க?"

பாண்டுரங்கன் நாக்கைக் கடித்துக்கொண்டார். மலைக்குக் கீழே அவர் ஊரிலும் அதே வழக்கம்தான். துக்க வீட்டில் யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அவரும் வாயை மூடிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

செந்தாமரை குறுக்கே போய் நின்றாள்.

"சார், வர்றேன்னு சொல்லிட்டுப் போயே இத்தினி வருசம் ஆயிப்போச்சி. இன்னிக்கு சொல்லாமயே போறீங்க. அப்ப இனிமே வரவே மாட்டீங்க. இல்ல, சொல்லிட்டுத்தான் போவேன்னா, எங்கூட்ல அடுத்து யாரு சாவணும்னு அதையும் சொல்லிட்டுப் போங்க."

சித்தப்பா சிங்காரம் துக்கத்தை மறந்து, "அதானே!" என்றார்.

"அதுக்கில்லம்மா... டேப்பு எடுத்தாரலியே."

"கீதே சார்," என்றார் டிரைவர். "சீட்டுக்கு அடியில எப்பவுமே கீது. நீங்கதான் கேட்டதே இல்ல."

பெற்ற அப்பன் பிணமாய்க் கிடக்கிற வாசலில் செந்தாமரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

குளிப்பாட்டுவது சற்றுத் தள்ளிப்போனது. புளியமரத்தடியில் மேளக்காரர்கள் டேப்பின் முனையைப் பிடித்தார்கள். சிங்காரம் முளை அடித்தார். பாடை கட்டியதில் மீந்த கயிற்றை முளைகளைச் சுற்றிக் கட்டினார்கள். பாண்டுரங்கன் ஒவ்வொரு அளவாகச் சொல்லச் சொல்ல, மேளக்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில் ஒரு தட்டுத் தட்டினார். ஜீப் பானெட்டின் மேல் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்தும் ஆயிற்று.

"ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் எடம் போதும்னு எழுதிட்டேன். ஜூன்ல கிளாஸ் ஆரம்பிச்சிடலாம். நான்..." என்றவர் அம்மாக்கண்ணுவைப் பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார். சொல்லாமல் கொள்ளாமல் ஜீப் ஏறினார். திரும்பியே பார்க்கவில்லை.

பிறகு வேடியப்பன் குளித்து, புது வேட்டி கட்டிக் கிளம்பினார். இடுகாட்டுக்குப் புளியமரத்து நிலத்தில் குறுக்கே விழுந்து போவதுதான் வழக்கம். தூக்கிக்கொண்டு முன்னால் போனவர்கள் கயிற்றைக் கண்டதும் நின்றார்கள். பாடையைத் திருப்பி, நிலத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பெண்கள் அதற்கு மேல் போகக் கூடாது. திரும்பும்போது செந்தாமரை மகளைத் தேடினாள். ஜெயம்மா கயிற்றுக்குள்ளே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒம்பதாவது எந்தப் பக்கம்மா வரும்?"

"அதோ, கெழக்கு மூலையில. உங்க தாத்தா காட்டிக்கினே இருப்பாரு."

ஜெயம்மா போய் அந்த மூலையில் உட்கார்ந்துகொண்டாள். செந்தாமரை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு கயிற்றைத் தூக்கி, தலையைக் குனிந்து உள்ளே நுழைந்து, மகளுக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தாள்.