ஆய்வுக்கு முன் அடித்த பெயின்ட்

சட்டசபையில் வீடற்றவர்களுக்கான அந்தச் சட்டம் நிறைவேறியபோது உறுப்பினர்கள் மேசையைத் தட்டி அமர்க்களப்படுத்தினார்கள். காலையில் அந்த மேசைகளையெல்லாம் துடைத்து வைத்துவிட்டுப் போனவளுக்கே வீடு கிடையாது என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

மூடிக்கிடந்த ஒரு சினிமா தியேட்டரின் வண்டி நிறுத்துமிடத்தில், மூன்று சுவருக்கும் ஒரு தகரக் கூரைக்கும் நடுவே அவளும் கணவனும் படுத்து எழுந்தார்கள். கணவன் பெயின்டர். ஊரில் உள்ள சுவருக்கெல்லாம் வண்ணம் அடிப்பவனுக்குச் சொந்தமாகச் சாய ஒரு சுவர் இல்லை. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று கேட்டால், அவர்கள் சிரிக்கிற ரகம்.

புதிதாகக் கட்டும் குடியிருப்புகளில் பத்தில் ஒரு வீட்டைக் குறைந்த வாடகையில் வீடற்றவர்களுக்குத் தரவேண்டும் என்றது சட்டம். விண்ணப்பித்தவர் தூங்கும் இடத்தை அதிகாரி நேரில் பார்த்து, அது வீடில்லை என்று எழுதித் தரவேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை.

அவளும் விண்ணப்பித்தாள். அதிகாரி வியாழக்கிழமை வருவதாகத் தகவல் வந்ததும் அவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. தரையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மூலையில் இருந்த ஒட்டடைக்கு அன்றோடு ஆயுள் முடிந்தது. அவன் மிச்சம் மீதி டப்பாக்களைக் கலந்து மூன்று சுவருக்கும் இளநீலம் அடித்தான். முன்பக்கம் ஒரு பூப்போட்ட திரை தொங்கியது. டீக்கடையில் இரவல் வாங்கிய நாற்காலி நடுவில் கம்பீரமாக நின்றது.

அதிகாரியம்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. எங்க வீடு கூட இவ்வளவு சுத்தமில்ல."

அவள் பூரித்துப் போனாள். அடுத்த வார்த்தையில் பூரிப்பு இறங்கிவிட்டது.

"சுவர் இருக்கு, கூரை இருக்கு, திரை இருக்கு. இதைப் போய் வீடில்லன்னு நான் எப்படி எழுதுறது?"

தன் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோமே என்று அவளுக்கு உறைத்தது. சட்டென்று மடித்து வைத்த போர்வையை எடுத்து உதறித் தரையில் வீசினாள். வீசியது கோணலாக விழுந்தது. பொறுக்கவில்லை. குனிந்து நேராக்கினாள்.

"என்னங்க, அந்தச் சுவத்துல கொஞ்சம் சேத்தை அப்புங்களேன்!"

"இன்னும் காயவே இல்ல, அதுல போய் சேறா?" என்று பதறினான் அவன்.

அதிகாரியம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு படிவத்தைப் புரட்டினார். "ராத்திரி யாராச்சும் வந்து எழுந்து போங்கன்னா என்ன பண்ணுவீங்க?"

"சுருட்டிக்கிட்டுப் போயிடுவோம் மேடம். வாட்ச்மேன் விசில் அடிச்சா தூக்கத்துலயே கை பாயைச் சுருட்டும். இந்த வருஷம் பதினோரு தடவை," என்றாள் அவள்.

"கதவைச் சாத்திக்க முடியாதா?"

"கதவு ஏது மேடம்?"

"சட்டத்துலயும் அதான் இருக்கு. உள்ளேயிருந்து தாழ் போட முடிஞ்சாத்தான் வீடு." அவர் படிவத்தில் 'வீடில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "ஆனா பெயின்ட் ரொம்ப நல்லா இருக்குப்பா."

நான்கு மாதம் கழித்து, மூன்றாவது மாடியில் சாவி கைக்கு வந்தது. ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு ஜன்னல். சாமான்களை இறக்கி வைத்ததும் அவள் கணவனைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

"ஏய், என்ன விளையாட்டு? திற!"

"தட்டுங்க."

அவன் தலையில் அடித்துக்கொண்டு தட்டினான். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் முட்டியது. இத்தனை வருடமாக மற்றவர்கள்தான் அவளைப் பார்த்து அதட்டிக் கேட்டிருக்கிறார்கள். இப்போது அவள் கேட்டாள், உரக்க, சாவகாசமாக:

"யாரது?"