நாலு பேர் இல்லாத தெரு

அண்ணனின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து அவள் மூன்றாவது தடவையாகத் தூக்கிப் பார்த்தாள். தோளும் முதுகும் கட்டிலை விட்டு எழும்பின. அதற்கு மேல் அவளால் ஆகவில்லை. மூச்சு அவருக்கு விட்டுவிட்டு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு ஜன்னலில் வைத்திருந்த போன், பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்தது.

"பாலம் வரைக்கும் தூக்கிட்டு வந்துடுங்கம்மா. ஆம்புலன்ஸ் அங்கதான் நிக்கும்."

"நான் ஒத்த ஆளுங்க. அவரு என்னைய மாதிரி ரெண்டு மடங்கு."

"பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிடுங்க."

பக்கத்து வீட்டுக்குக் கதவு இல்லை. அதற்கடுத்த வீட்டுக்குக் கூரையே இல்லை. இதையெல்லாம் போனில் இருந்தவளிடம் எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

"விடு பாப்பா," என்றார் அண்ணன். "உன் முதுகு பிடிச்சுக்கும்." நாற்பத்தெட்டு வயதிலும் அவள் அவருக்குப் பாப்பாதான்.

"இருண்ணே. இதோ, ஆளைக் கூட்டிட்டு வந்துடுறேன்."

ஓடினாள். தெருக்கோடியில் தையல்காரர் வீடு. அவர் முழங்கால் சரியில்லாதவர். சுவரைப் பிடித்துப் பிடித்து அவர் வர, முன்னால் பத்தடி ஓடுவதும் நின்று திரும்பிப் பார்ப்பதுமாக அவள் வந்து சேர்ந்தபோது, அறை அமைதியாக இருந்தது. கட்டிலுக்குக் கீழே விழுந்திருந்த தலையணையை எடுத்து அண்ணன் தலைக்குக் கீழே வைத்தாள். வைத்த பிறகுதான் புரிந்தது.

நாற்பது நிமிடம் பாலத்துக்கு அந்தப் பக்கமே காத்து நின்ற ஆம்புலன்ஸ்காரர் ஒருவர், பிறகு பையோடு பாலத்தில் நடந்து வந்தார். நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், ஒரு தாளில் 'இயற்கை மரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"சரியாத்தான் எழுதியிருக்கான்," என்றார் தையல்காரர். "ஆத்து வெள்ளம் இயற்கை. செவுத்துல பூத்திருக்கிற பூசணம் இயற்கை. இதுல மனுஷனுக்குத்தான் ஒரு சம்பந்தமும் கிடையாது."

 சுவரில் ஆள் உயரத்துக்குக் கருப்பாகப் படர்ந்திருந்த பூசணத்தை அவள் வாரத்துக்கு ஒரு முறை சுரண்டிக்கொண்டுதான் இருந்தாள். அதுவும் வாரத்துக்கு ஒரு முறை திரும்பி வந்துகொண்டுதான் இருந்தது.

அண்ணன் வெல்டர். தெருவில் அவருக்கு 'நெருப்பு' என்று பெயர். வேலையை வைத்து வந்த பெயர் இல்லை. ஒரு நாளும் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் கிண்டலுக்கு வைத்தது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஆறு உடைத்துக்கொண்டு வந்தபோது இரண்டு கரையிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்குத்தான் ஏறியது. வெள்ளம் யார் நிறத்தையும் பார்க்கவில்லை. வடிந்த பிறகுதான் பார்த்தார்கள். அக்கரையில் இருந்தவர்கள் ஒரு நிறம், இக்கரை வேறு. அக்கரையிலிருந்து டவுனுக்குப் போகும் பாலத்தை மூன்றே வாரத்தில் கட்டி முடித்தார்கள். அதன் கைப்பிடிக் கம்பிகளைப் பற்றவைத்தது அண்ணன்தான்; விடியுமுன் படகில் போய் இருட்டிய பிறகு வருவார். இக்கரையை அக்கரையோடு சேர்க்கும் பாலத்துக்கு அமைச்சர் ஒருவர் வந்து கல் நட்டார். கல் மட்டும் நின்றது.

"நம்ம பாலம் எப்பண்ணே?" என்று கேட்டால், "வரிசைல நிக்கிறோம்ல, வரும்," என்பார். வரவில்லை. கடைசியில், வெள்ளம் இழுத்துப்போட்ட குழாய்களையும் தகரங்களையும் சேர்த்து, ஆள் மட்டும் நடக்கும்படி அவரே ஒன்றைப் பற்றவைத்தார். மின்சாரமும் வராததால் அதற்குக்கூட மெஷினை வாடகை ஜெனரேட்டரில்தான் ஓட்டினார். அந்தப் பாலத்தின் வழியாகத்தான் ஒவ்வொரு குடும்பமாகச் சாமான்களைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியூருக்குப் போனது. அறுபத்திரண்டு வீட்டில் இப்போது ஆள் இருப்பது மூன்றில். அதிலும் மூன்றாவது வீட்டு வாட்ச்மேன் பகலில் இருக்கமாட்டார்.

இடுகாட்டு வண்டி நாலு மணிக்கு வந்து பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. டிரைவர் ஒரு தகரச் சவப்பெட்டியை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அவள் பின்னாலேயே போனாள்.

"ஒரு கை பிடிச்சீங்கன்னா போதும்."

"தூக்கற வேலை எனக்கு இல்லம்மா. இக்கரைக்கு வந்ததே தெரிஞ்சா வேலை போயிடும்," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். "அஞ்சரைக்கு இடுகாட்டுக் கேட்டைச் சாத்திடுவாங்க. சீக்கிரம் பாருங்க."

சொந்தக்காரர்கள் வந்து சேர இரண்டு நாளாகும். மின்சாரம் இல்லாத வீட்டில் உடம்பை வைத்திருக்க முடியாது. ஆஸ்பத்திரி லாண்டரியில் அவளோடு இஸ்திரி போடும் இரண்டு பெண்கள் ஷிப்டு முடிந்ததும் நேரே இடுகாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். தையல்காரர், அவர் மனைவி, அவள். மூன்று பேர். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து பயந்தே வளர்ந்த தெரு அது. இப்போது சொல்வதற்கும் ஆளில்லை, தூக்குவதற்கும் ஆளில்லை.

அப்போதுதான் ஓர் இளைஞன் வந்தான். நகராட்சி அடையாள அட்டையும், மார்போடு அணைத்த ஒரு ஃபைலும். அக்கரை ஆள் என்பதைப் பார்த்ததும் தெரிந்தது. வாசலுக்கு வந்து உள்ளே பெட்டியைப் பார்த்தவன் ஓரடி பின்வாங்கினான்.

"மன்னிச்சுக்குங்க. வீடு கணக்கெடுக்க வந்தேன். அப்புறமா..."

"தம்பி," என்றார் தையல்காரர், "ஒரு தோள் குடுக்க முடியுமா?"

"நானா?"

"வேற யாரு இருக்கா இந்தத் தெருவுல?"

அவன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு ஃபைலை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டான். "எந்தப் பக்கம் பிடிக்கணும்?"

நாலு பேருமாக அண்ணனைக் கட்டிலிலிருந்து பெட்டிக்குள் இறக்கினார்கள்; ஜன்னலில் இருந்த போன் நாலரை காட்டியது. முன்னால் அவனும் அவளும். பின்னால் தையல்காரரும் மனைவியும். அவன் நல்ல உயரம். பெட்டி அவள் பக்கம் சரிந்தது. அவன் முழங்காலை மடக்கி, அவள் உயரத்துக்குத் தாழ்ந்து, வழி முழுக்க அப்படியே நடந்தான். பாலத்தில் ஏறும்போது அவள், "நடுவுல ஒரு தகரம் ஆடும். பார்த்துக் காலை வைங்க," என்றாள்.

"யார் கட்டினது இது?"

"இவருதான்."

 தையல்காரரின் மூச்சும் ஆற்றுச் சத்தமும் மட்டும் கேட்டன. இரண்டு இடத்தில் நின்று தோள் மாற்றினார்கள். பெட்டி வண்டிக்குள் ஏறியதும், டிரைவருக்கு முன்னால் இருந்த கடிகாரத்தை அவள் பார்த்தாள். கட்டிலிலிருந்து இங்கே வரப் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

பதினோரு நிமிடம். ஆம்புலன்ஸும் இதே இடத்தில்தான் நின்றிருந்தது. கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரர் மனைவி முதுகில் கை வைத்த பிறகுதான் நகர்ந்தாள்.

அந்த இளைஞன் ஓடிப்போய் ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தான். சட்டைத் தோளில் துரு படிந்திருந்தது. கிளம்பப் போனவளிடம் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"அக்கா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. ஆனா இன்னைக்குக் கடைசி நாள். அந்த வீட்டை எப்படிப் போடறது? குடியிருக்கா, காலியா?"

"நான் இருக்கேனே."

"இல்ல... வீடு அண்ணன் பேருல இருக்கு. பேரு இருக்கறவங்க இருந்தாத்தான் குடியிருக்கு. பத்து வீடாவது குடியிருக்குன்னு வந்தாத்தான் பாலத்துக்கு எழுதுவாங்க."

"இப்ப எத்தனை வந்திருக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டு. இதையும் சேர்த்தா மூணு."

"அப்ப நான் யாருன்னு போடுவீங்க?"

"அதுக்குக் கட்டம் இல்லக்கா."

டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் அவன் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள்; பிறகு அவன் தோளைப் பார்த்தாள். அங்கே படிந்திருந்த துருவைத் தன் முந்தானையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள்.

"நல்லாத் தூக்கினீங்க தம்பி," என்றாள். "கட்டம் இல்லாட்டிப் பரவாயில்ல. ஓரத்துலயாவது எழுதுங்க. ஒரு பொம்பளை இருக்கான்னு."

வண்டி திரும்பும்போது அவன் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தான். எழுதினானா என்று தெரியவில்லை.

இடுகாட்டில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. லாண்டரிப் பெண்கள் இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்ககூட வந்துடு, இன்னைக்கு மட்டுமாவது," என்றார்கள். "நாளைக்கு வர்றேன்," என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கிப் பாலத்தைக் கடந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தையல்காரர் வீட்டு வாசலில் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் கூப்பிட்டார்கள். சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்லிவிட்டு நடந்தாள். அக்கரையில் தெருவிளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கின.

வீட்டுக்குள் போகாமல் பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். கொடியில் அண்ணனின் வேலைச்சட்டை கிடந்தது, நேற்றுச் சாயங்காலம் துவைத்துப் போட்டது. தொட்டுப் பார்த்தாள். காலர் காய்ந்திருந்தது, கைமடிப்பில் இன்னும் ஈரம். மடிப்பைப் பிரித்துப் பிழிந்தாள். நன்றாக ஒரு உதறு உதறி, காற்று வரும் பக்கமாகத் திருப்பிப் போட்டு, இரண்டு தோளிலும் கிளிப் மாட்டினாள்.