ஆர்வோவின் உலையும் பக்கத்து வீட்டு டெல்மாவும்

ஆர்வோ கங்காஸுக்கு இரண்டு குடும்பம் என்று அவர் மனைவி லோர்னா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். ஒன்று அவள். இன்னொன்று கொல்லைப்புறத்தில் தகரக் கொட்டகை மாதிரி நின்று புகை விட்டுக்கொண்டிருந்த விறகு உலை.

வடக்கு மிச்சிகனில் பாதி வருடம் பனிதான். உலைக்குள் விறகு எரியும். அதைச் சுற்றியுள்ள தொட்டித் தண்ணீர் சூடாகும். அந்தத் தண்ணீர் மண்ணுக்கடியில் புதைத்த குழாய் வழியாக வீட்டுக்குள் ஓடி, அறைகளையெல்லாம் கதகதப்பாக்கிவிட்டுத் திரும்பி வரும். காலையிலும் சாயங்காலமும் விறகு போட வேண்டும். சாம்பல் வார வேண்டும். புகைபோக்கியில் படியும் கரிப்பிசினைச் சுரண்ட வேண்டும். இதையெல்லாம் ஆர்வோ கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோலச் செய்வார். கூடவே பேச்சுக் கொடுப்பார். அவர் லோர்னாவிடம் அவ்வளவு பேசுவதில்லை.

ஜனவரியில் லோர்னாவின் தங்கை மகளுக்கு அரிசோனாவில் கல்யாணம் வந்தது.

"நீ போயிட்டு வா," என்றார் ஆர்வோ. "நான் போயிட்டா உலையை யாரு பாத்துக்குவா? தண்ணி உறைஞ்சு குழாய் வெடிச்சுரும்."

"உன் தம்பிகிட்ட சொல்லேன்."

"அவன் சோபாவுல உக்காந்தா பனி உருகுனாத்தான் எந்திரிப்பான்."

லோர்னா கோட்டை மாட்டிக்கொண்டு நேரே பக்கத்து வீட்டு டெல்மாவிடம் போனாள். டெல்மா முப்பது வருடம் பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியவர். கண்ணாடியில் ஒரு பார்வை பார்த்தே கடைசி சீட்டுப் பிள்ளைகளை அடக்கியவர். மேற்குக் காற்று அடித்தால் ஆர்வோவின் புகை முழுதும் அவருடைய சமையலறைக்குள்தான் போகும். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, "நான் சுடுறது ஆப்பிள் பை. தின்னா புகை போட்ட மீன் மாதிரி இருக்கு," என்று புகார் சொன்னவர் அவர்.

"டெல்மாவா?" என்றார் ஆர்வோ. "ஓநாய்கிட்ட கோழியைக் குடுத்துட்டுப் போகச் சொல்றியே."

"அவங்க ஒத்துக்கிட்டாங்க. புகைபோக்கியை மட்டும் உசத்தணுமாம்."

ஆர்வோ முனகிக்கொண்டே ஏணியில் ஏறி, புகைபோக்கிக்கு மேல் இன்னும் இரண்டு குழாய்களைச் செருகினார். பிறகு டெல்மாவை உலைக்கு முன்னால் நிறுத்தி ஒரு மணி நேரம் விளக்கினார்.

"ஆர்வோ, நான் அறுபது பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு பனியில பஸ் ஓட்டுனவ," என்றார் டெல்மா. "இது ஒரு அடுப்பு. கெளம்பு நீ."

அரிசோனாவில் எல்லாரும் அரைக்கை சட்டையில் திரிந்தார்கள். ஆர்வோவுக்கு வெயிலே ஆகவில்லை. விறகு போடாமல் வருகிற சூட்டில் அவருக்கு நம்பிக்கையும் இல்லை. கல்யாண விருந்தில் கேக் வெட்டும்போது போன் அடித்தது.

"கதவைப் பத்தி எங்கிட்ட எதையோ சொல்லாம விட்டுட்ட," என்றார் டெல்மா.

"எதை?"

"என் இடது புருவத்தைக் கேளு, சொல்லும்."

ஆர்வோ தன் புருவத்தைத் தடவிக்கொண்டார். கதவைச் சட்டென்று திறந்தால் உள்ளே அடைபட்ட புகை குபீரென்று பற்றிக்கொண்டு வெளியே பாயும். முதல் குளிர்காலத்தில் அவருக்கு இரண்டு புருவமும் போயிருந்தது. வயதானால் உதிரும் என்று எல்லாரிடமும் சொல்லிச் சமாளித்திருந்தார்.

"மொதல்ல ஒரு விரல் அளவு திறங்க. கொஞ்சம் பொறுத்து அப்புறமா முழுசா."

"இதை இப்ப வந்து சொல்லு," என்று டெல்மா போனை வைத்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஊர் திரும்பியபோது ஆர்வோ காரை விட்டு இறங்கியதும் அண்ணாந்து புகைபோக்கியைப் பார்த்தார். புகையே இல்லை. அணைந்துவிட்டது என்று பதறி வீட்டுக்குள் ஓடினார். உள்ளே அனல் அடித்தது. டெல்மா கையில்லாத சட்டையோடு ஆர்வோவின் சாய்வு நாற்காலியைச் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மேசையை நிறைத்துப் பரப்பியிருந்த புதிர்ப் படத்தின் துண்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்.

"என் வீட்டு கேஸ் ஹீட்டர் சூட்டுல கம்பளியைச் சுத்திக்கிட்டு உக்காரணும்," என்றார் நிமிராமலே. "இங்க சொகமா இருந்துச்சு. மூணாம் நாளே படுக்கையைத் தூக்கிட்டு வந்துட்டேன்."

"புகையைக் காணோமே?"

"காஞ்ச விறகு போட்டா புகை எதுக்கு வரும்?"

ஆர்வோ வந்த காலோடு திரும்பினார். விறகுக் கொட்டகைக்குப் போனார். வெட்டிய ஈர பிர்ச் விறகு அப்படியே கிடந்தது. அதற்குப் பின்னால், மூன்று கோடை காய்ந்து, தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும் மேப்பிள் விறகு அடுக்கு இருந்த இடம் வெறும் தரையாக இருந்தது. மரப்பட்டைத் தூள்தான் மிச்சம்.

"அது அடுத்த வருஷத்துக்கு வெச்சிருந்தது," என்றார், அழாத குறையாக.

பின்னாலேயே வந்திருந்த டெல்மா, "அடுத்த வருஷமும் இதையேதான் சொல்லுவ," என்றார். "நல்ல விறகைப் பொத்திப் பொத்தி வெச்சுட்டு, பச்சை விறகைப் போட்டு என்னைக் கருவாடாக்குன."

லோர்னா விறகு பிளக்கும் கட்டைமேல் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்தது. ஒற்றைப் புருவத்தோடு நிற்பவரிடம் கோபப்பட ஆர்வோவுக்கு மனம் வரவில்லை.

"ரெண்டு வீட்டுக்குச் சூடு குடுக்கும்னு உலைக் கதவுல ஒட்டியிருக்கே," என்றார் டெல்மா. "என் வீட்டுக்கு ஒரு குழாய் போடு. எனக்கு ஒரு காடே மேப்பிள் மரம் இருக்கு. காலையில விறகு போடுறது என் பொறுப்பு."

பனி உருகியதும் பள்ளம் தோண்டினார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஆர்வோ கையுறை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் டெல்மா எல்லாவற்றையும் முடித்திருப்பார்.

"நேத்து சாயங்காலம் சாம்பலை வாரினது நீதானே? மூலையெல்லாம் அப்படியே கெடக்கு," என்று ஒருநாள் கடிந்துகொண்டார். அந்த வாரமே சாயங்கால வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார்.

உலையைக் காரணம் சொல்லித்தான் ஆர்வோ இத்தனை வருடமாக ஊரில் ஒரு விசேஷத்துக்கும் போகாமல் தப்பித்துவந்தார். இப்போது அதற்கும் வழியில்லை. லோர்னா அவரைக் கேட்காமலே புதன்கிழமை சாயங்கால நடன வகுப்பில் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாள். அக்கார்டியன் இசைக்கு அவள் ஒரு பக்கம் சுழல, அவர் இன்னொரு பக்கம் சுழன்று யார் காலையோ மிதித்தார். சட்டைப்பையில் இருந்த போனை அடிக்கொருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டெல்மா கூப்பிடவே இல்லை.